பத்தாயிரம் யென் தாளிலிருந்து இறங்கிய யுகிச்சி: இந்தப் புகழ் எதன்மேல் நிற்கிறது?

#1 கடலோடி

டோக்கியோவுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. வந்த புதிதில் என் கைக்கு வந்த முதல் பத்தாயிரம் யென் தாளில் கிமோனோ உடுத்திய ஒருவர் முகம் இருந்தது. பழைய அரசரா, பிரதமரா என்று அலுவலகத்தில் கேட்டேன். "யுகிச்சி" என்றார்கள், அவ்வளவுதான். பிறகுதான் தெரிந்தது, பேச்சில் அந்தத் தாளுக்கே யுகிச்சி என்று பெயர். "இந்த வாரம் மூன்று யுகிச்சி பறந்துவிட்டது" என்றால் முப்பதாயிரம் யென் செலவு.

2024 ஜூலை 3 அன்று புதிய தாள் வந்தது. ஃபுகுசாவா யுகிச்சி போய் வங்கியாளர் ஷிபுசாவா எய்ச்சி வந்தார். 1984 நவம்பரில் ஷோதோகு இளவரசரின் இடத்துக்கு வந்தவர் யுகிச்சி. 2004இல் ஆயிரம், ஐயாயிரம் தாள்களின் முகங்களை மாற்றியபோதும் இவரை மாற்றவில்லை. நாற்பது வருடம் இருந்துவிட்டு இறங்கியிருக்கிறார். பழைய தாள் இன்னமும் செல்லும், ஆனால் கையில் வருவது குறைந்துகொண்டே போகிறது.

இழை தொடங்கக் காரணம் என் மகள். இங்கே ஆறாம் வகுப்பு. வரலாற்றுப் பாடத்தில் மெய்ஜி காலம் (1868-1912) வந்திருக்கிறது. "வானம் மனிதருக்கு மேல் மனிதரைப் படைப்பதில்லை, மனிதருக்குக் கீழ் மனிதரைப் படைப்பதில்லை" என்ற யுகிச்சியின் வாக்கியத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தவள், நடுவில் நிறுத்தி, "அப்பா, இவர் நல்லவரா?" என்றாள். ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் என்னோடு வேலை செய்யும் கொரிய நண்பர் ஒருவர் இந்தப் பெயரைக் கேட்டாலே பேச்சை நிறுத்திவிடுவார். அதுவும் அதே நொடியில் நினைவுக்கு வந்தது. பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இறந்து 120 வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆட்சி எதிலும் இருந்ததில்லை, போரில் வென்றதில்லை. அப்படிப்பட்ட ஒரு எழுத்தாளரின் பெயர் ஏன் இன்னும் நிற்கிறது? அது நிற்க வேண்டிய பெயர்தானா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வெண்ணிலவன்

எனக்கு அந்தப் பெயரே இன்றுதான் தெரியும். முதலில் யார், என்ன செய்தார் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

#3 ஏரிக்கரை

சொல்கிறேன். சிறுவயதுக் கதையை மட்டும் சுருக்க மனம் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1835 ஜனவரியில் ஒசாகாவில் பிறந்தார். தந்தை ஹியாகுசுகே, கியூஷு தீவின் நகாத்சு சிற்றரசைச் சேர்ந்த கீழ்நிலை சாமுராய். சம்பளம் பதின்மூன்று கொகு அரிசி, அதோடு இரண்டு ஆள் சாப்பாட்டுக்கான அளவை. ஒசாகாவில் அந்தச் சிற்றரசின் கிடங்கு மாளிகையில் வேலை. கடன் கொடுக்கும் வியாபாரிகளோடு கணக்கு பேச வேண்டும். சீன நூல்களில் ஊறிய அந்தப் படிப்பாளிக்குக் காசு எண்ணும் வேலை பிடிக்கவே இல்லை. ஆனால் கீழ்நிலையில் பிறந்தவன் கீழ்நிலையிலேயே சாக வேண்டும், வேறு வழி கிடையாது. யுகிச்சி பிறந்தபோது, "இவன் வளர்ந்ததும் துறவியாக்கிவிடுவோம்" என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். புத்த மடத்தில் மட்டும்தான் மீன்காரர் மகனும் தலைமைக் குருவாக முடியும். பிள்ளைக்கு ஒன்றரை வயது ஆகும்போது அவர் இறந்துவிட்டார்.

அறுபது வயது தாண்டித் தன்வரலாறு சொல்லும்போது யுகிச்சி இதை நினைத்து எழுதவைத்த வரி: குலப்படிநிலை என் தந்தையின் உயிர்ப்பகை. எனக்கு அந்த முதல் அத்தியாயத்தைத் தாண்டிப் போக இரண்டு நாள் ஆனது.

குடும்பம் நகாத்சுவுக்குத் திரும்பியது. அங்கே சாமுராய்கள் ஏறத்தாழ 1500 பேர். மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் நடுவில் கல்யாணம் கிடையாது, பேச்சுவழக்கு வேறு, குழந்தைகள் விளையாட்டில்கூட மரியாதைச் சொல் ஒருபக்கமாகத்தான் போகும். காலாட்படை வீரன் மேல்நிலை சாமுராயைத் தெருவில் கண்டால் மழை பெய்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் விழ வேண்டும். இதையெல்லாம் 1877இல் அவரே ஒரு சிறு நூலாக எழுதி வைத்திருக்கிறார்.

பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஒருநாள், தரையில் கிடந்த காகிதங்களை மிதித்து ஓடினார். ஒன்றில் சிற்றரசரின் பெயர் எழுதியிருந்தது. அண்ணன் கடுமையாகத் திட்டினார். மன்னிப்புக் கேட்டார், ஆனால் மனம் ஆறவில்லை. பெயர் எழுதிய காகிதத்தை மிதித்தால் குற்றமென்றால் கடவுள் பெயர் எழுதிய தாளை மிதித்தால் என்ன ஆகும்? யாருக்கும் தெரியாமல் மிதித்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் இனாரி கோயிலுக்குள் இருந்த கல்லை எடுத்துவிட்டு வேறொரு கல்லை வைத்தார். திருவிழா வந்தது, ஊர் அந்தக் கல்லுக்குப் படைத்துக் கும்பிட்டது.

1854இல் நாகசாகிக்குப் போய் டச்சு மொழி தொடங்கினார். அடுத்த வருடம் ஒசாகாவில் மருத்துவர் ஓகாதா கோவானின் தெகிஜுகு பள்ளி. ஒருமுறை நோயில் படுத்தபோது தலையணையைத் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், ஏறக்குறைய ஒரு வருடமாகத் தலையணை வைத்துப் படுத்ததே இல்லை. புத்தகத்தின்மேல் சாய்ந்து தூங்குவதுதான் பழக்கமாக இருந்திருக்கிறது. அந்தப் பள்ளிக் கட்டடம் ஒசாகாவில் இன்றும் இருக்கிறது.

1858இல் எடோவில் (இன்றைய டோக்கியோ) சொந்தமாக டச்சுப் பள்ளி. 1859இல் புதிதாகத் திறந்த யோகோஹாமா துறைமுகத்தைப் பார்க்கப் போனார். கடைப் பலகை ஒன்றுகூடப் படிக்க முடியவில்லை. ஒரு ஜெர்மன் வியாபாரியோடு மட்டும் டச்சில் எழுதிக் காட்டிப் பேச முடிந்தது. வருடக்கணக்கில் உயிரைக் கொடுத்துப் படித்த மொழி வெளியே செல்லாக்காசு. களைத்துத் திரும்பியவர் மறுநாளே ஆங்கிலம் தொடங்க முடிவு செய்தார்.

1860இல் கன்ரின் மாரு கப்பலில் சான் பிரான்சிஸ்கோ, 1862இல் தூதுக்குழுவோடு ஐரோப்பா, 1867இல் மறுபடி அமெரிக்கா. முதல் பயணத்தில் அவர் ஒருவரிடம், "வாஷிங்டனின் வழிவந்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டார். "யாரோ ஒரு பெண் இருக்க வேண்டும், யாருக்கோ மனைவியாக இருக்கிறாள்" என்று அந்த ஆள் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார். பரம்பரையாக நாட்டை ஆண்ட தோகுகாவா ஷோகுன் வம்சத்தின் கீழ் வளர்ந்தவருக்கு அது அதிர்ச்சி. நீராவி எந்திரமும் தந்தியும் அவரை அவ்வளவாக வியக்கவைக்கவில்லை, அவற்றைப் புத்தகத்தில் படித்திருந்தார். இந்தப் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

1868இல் பள்ளிக்குக் கெய்யோ என்று பெயர் வைத்தார், இன்றைய கெய்யோ பல்கலைக்கழகம் அதுதான். பிறகு நூல்கள், 1882இல் 'ஜிஜி ஷின்போ' நாளிதழ். புதிய மெய்ஜி அரசில் பதவி எதையும் ஏற்கவில்லை. 1901 பிப்ரவரி 3 அன்று இறந்தார்.

#4 பனைநிழல்

கடலோடி தம்பி, நான் ஜப்பானிய மொழி கற்றுக்கொடுப்பவள், அதனால் முதலில் கண்ணில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் ஒப்பித்த வாக்கியத்தில் கடைசிச் சொல் விடுபட்டிருக்கிறது. அவள் தவறு இல்லை, நாடே அப்படித்தான் ஒப்பிக்கிறது. 'ககுமோன் நோ சுசுமே' என்ற அவர் நூலின் முதல் வாக்கியம் அது, மூலத்தில் 'தோ இயெரி' என்று முடியும். தமிழில் 'என்பார்கள்'. "வானம் மனிதருக்கு மேல் மனிதரைப் படைப்பதில்லை, மனிதருக்குக் கீழ் மனிதரைப் படைப்பதில்லை என்பார்கள்."

தன் வாக்காக அவர் அதை வைக்கவில்லை. எல்லோரும் சொல்கிற பேச்சு என்று எடுத்துவைத்துவிட்டு மேலே போகிறார். எங்கிருந்து எடுத்தார் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அமெரிக்க விடுதலைப் பிரகடனம் என்பதுதான் அதிகம் சொல்லப்படுவது. அந்தப் பிரகடனத்தை 'செய்யோ ஜிஜோ' (மேற்கின் நிலவரம்) என்ற தன் நூலில் அவரே ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவர், ஆகவே பொருத்தமாகத்தான் இருக்கிறது.

மேலே போய் என்ன சொல்கிறார்? பிறப்பில் எல்லோரும் சமம் என்கிறார்கள், ஆனால் உலகத்தைப் பாருங்கள், அறிவாளி இருக்கிறார், மூடர் இருக்கிறார், ஏழை இருக்கிறார், பணக்காரர் இருக்கிறார், இவர்களுக்குள் மேகத்துக்கும் சேற்றுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறதே, ஏன்? (நாம் மலைக்கும் மடுவுக்கும் என்போம்.) படித்ததும் படிக்காததும்தான் காரணம் என்பது அவர் பதில். 'ககுமோன் நோ சுசுமே' என்ற தலைப்புக்கே 'படிக்கத் தூண்டுதல்' என்று பொருள்.

என்ன படிக்க வேண்டும் என்பதையும் பட்டியல் போடுகிறார். புரியாத பழைய நூலைப் புரட்டுவதும் செய்யுள் இயற்றுவதும் பிறகு. முதலில் நாற்பத்தேழு எழுத்து, கடிதம் எழுதுவது, கணக்குப் புத்தகம், மணிச்சட்டம், தராசு பிடிப்பது. அதன்மேல் புவியியல், இயற்பியல், வரலாறு, பொருளாதாரம், ஒழுக்கவியல்.

1872இல் வந்த முதல் பகுதி நகாத்சுவில் தொடங்கிய ஒரு பள்ளிக்காக, தன் மாணவர் ஒபாதா தோகுஜிரோவின் பெயரோடு சேர்த்து வெளியிட்ட சிறு வெளியீடு. 1876 வரை பதினேழு பகுதிகள். திருட்டுப் பதிப்பையும் சேர்த்து முதல் பகுதி மட்டும் 2,20,000 படிகள் போனது என்று அவரே 1880 தொகுப்பின் முன்னுரையில் கணக்குச் சொல்கிறார். அன்றைய மக்கள்தொகை 3.5 கோடி, அதாவது 160 பேருக்கு ஒருவர். பதினேழும் சேர்த்து 34 லட்சம் என்று பிற்காலத்தில் எழுதினார். திருட்டுப் பதிப்புக்காரர்களோடு அவர் போட்ட சண்டை தனிக் கதை. பதிப்புரிமையைக் குறிக்க 'ஹங்கென்' என்ற சொல்லையே அதற்காக உருவாக்கினார்.

இந்த விற்பனைக்குக் காரணம் நடை என்பேன். மலையூரிலிருந்து வந்த வேலைக்காரப் பெண் கதவுக்கு அப்பாலிருந்து கேட்டாலும் இது என்ன புத்தகம் என்று புரிய வேண்டும், இதுதான் அவர் தனக்கு வைத்துக்கொண்ட அளவுகோல். படித்தவர் என்றால் சீனச்செறிவோடு எழுத வேண்டும் என்றிருந்த காலம் அது. மொழி கற்பிக்கும் எனக்கு இவர் புகழ் நிற்பதில் ஆச்சரியமே இல்லை. 150 வருடம் கழித்து என் மாணவர்கள் இடைநிலை ஜப்பானியத்தை வைத்துக்கொண்டே அந்த முதல் பக்கத்தைத் தட்டுத்தடுமாறிப் படித்துவிடுகிறார்கள். அந்தக் காலத்து வேறு யாரையும் அப்படிப் படிக்க வைக்க முடிந்ததில்லை.

#5 செங்கல்சுவர்

பனைநிழல் அக்கா முதல் பக்கத்தை நன்றாகச் சொன்னார். அதே பக்கத்தில் அவர் தாண்டிப் போன இரண்டு வரியை நான் எடுத்துவைக்கிறேன்.

உலகத்தில் கடினமான வேலையும் இருக்கிறது, எளிய வேலையும் இருக்கிறது, கடினமானதைச் செய்பவர் உயர்ந்த நிலையிலும் எளியதைச் செய்பவர் தாழ்ந்த நிலையிலும் இருக்கிறார்கள் என்கிறார். அப்புறம், மூளையைப் போட்டுக் கவலைப்பட்டுச் செய்வது கடினம், கை கால் உழைப்பு எளிது என்கிறார். வயலில் குனிந்து நின்றவர் யாராவது இதை ஏற்பார்களா?

மேல் கீழ் கிடையாது என்று தொடங்கி ஒரே பக்கத்துக்குள் மேலும் கீழும் திரும்பி வந்துவிட்டது. முன்பு பிறப்பு காரணம், இப்போது படிப்பு காரணம். பிறப்பில் தாழ்ந்தவனுக்கு, "உன் தவறில்லை" என்றாவது சொல்லலாம். படிப்பில் தாழ்ந்தவனிடம், "நீ படிக்கவில்லை, அனுபவி" என்று சொல்லும் வழி திறந்துவிட்டது. அதே 1872இல் அரசு கொண்டுவந்த பள்ளிச் சட்டத்தின் முன்னுரையிலும் இதே வாடைதான். பள்ளிக் கட்டணம் பெற்றோர் தலையில் விழுந்தது. பிள்ளை உழைப்பும் போய், காசும் போய், 1873இல் சில ஊர்களில் விவசாயிகள் பள்ளிக்கூடங்களையே கொளுத்தினார்கள்.

முதல் வாக்கியம் மட்டும் புகழ் பெற்றது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அதை மட்டும் வெட்டி எடுத்து மாட்டிவைத்தால் எல்லோருக்கும் வசதி.

கொரியா, சீனா பற்றி அவர் எழுதியதை இன்னும் நான் தொடவே இல்லை.

#6 வெண்ணிலவன்

கை கால் உழைப்பு எளிது என்ற வரி உண்மையிலேயே உறுத்துகிறது. இன்னொரு சந்தேகம். இவரைத் தத்துவஞானி என்கிறார்கள். இதுவரை நீங்கள் சொன்னதில் பள்ளி, பத்திரிகை, மொழிபெயர்ப்பு எல்லாம் இருக்கிறது. தத்துவம் எங்கே?

#7 ஏரிக்கரை

நியாயமான கேள்வி. அதற்குள் புகழைப் பற்றிய ஒரு விஷயம் இருக்கிறது.

தத்துவம் என்பதற்கு ஜப்பானிய மொழியில் 'தெத்சுகாகு' என்பார்கள். அந்தச் சொல்லை உருவாக்கியவர் நிஷி அமானே. யுகிச்சியின் சமகாலத்தவர், நெதர்லாந்தின் லைடனில் படித்தவர். 1874இல் அச்சான அவர் நூலில் அந்தச் சொல் வந்தது. சீனாவும் கொரியாவும் இன்று அதே எழுத்துகளைத்தான் தத்துவத்துக்குப் பயன்படுத்துகின்றன. அகநிலை, புறநிலை என்பவற்றுக்கான சொற்களும் அவருடையவை என்பார்கள். கிழக்காசியா முழுவதும் அவர் சொற்களைத் தினமும் வாயில் வைத்திருக்கிறது, ஆனால் தெருவில் நிறுத்திக் கேட்டால் பத்தில் ஒருவருக்குப் பெயர் தெரிந்தால் பெரிது. நகாயே சோமின் இருக்கிறார், ரூசோவின் சமூக ஒப்பந்தத்தைச் செம்மையான சீன நடையில் தந்தவர். 1901இல் நோயில் படுத்திருந்தபோது, "ஜப்பானில் அன்றிலிருந்து இன்றுவரை தத்துவம் இல்லை" என்று எழுதிவிட்டுப் போனார். அந்த வருடம் பிப்ரவரியில் யுகிச்சி, டிசம்பரில் சோமின். சோமினைப் படிப்பவர்கள் ஆழமாகப் படிக்கிறார்கள், ஆனால் கூட்டம் சிறியது.

கறாராகப் பார்த்தால் 1875இல் எழுதிய 'நாகரிகக் கோட்பாட்டின் சுருக்கம்' ஒன்றுதான் யுகிச்சியின் தத்துவ நூல். ஐரோப்பிய வரலாற்றாசிரியர்களான கீசோவையும் பக்கிளையும் கரைத்துக் குடித்துவிட்டு எழுதியது. நாகரிகம் என்பது கட்டடமும் உடையும் இல்லை, ஒரு நாட்டு மக்கள் எல்லோரிடமும் பரவிக் கிடக்கும் மனநிலை என்கிறார். அதிகாரம் ஒரே இடத்தில் குவிவதுதான் ஜப்பானிய வரலாற்றின் நோய் என்கிறார். ஆட்சி வரலாற்றில் இருக்கிறது, மக்கள் வரலாற்றில் இல்லை என்கிறார். என் பார்வையில் இது தத்துவம்தான்.

சொல் பற்றி இன்னொன்று. அவர் ஷோகுன் அரசில் மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது ஓர் ஆங்கிலப் பொருளாதார நூலைப் பற்றி நிதி அதிகாரி ஒருவரிடம் பேசினார். அவர் பொருளடக்கத்தை மொழிபெயர்த்துக் காட்டச் சொன்னார். போட்டி என்பதற்குச் சொல் இல்லை. 'கியோசோ' என்று ஒன்றை உருவாக்கி எழுதினார் யுகிச்சி. அதில் இரண்டாவது எழுத்துக்குச் சண்டை என்று பொருள். "இதில் சண்டை இருக்கிறதே, மேலிடத்தில் காட்ட முடியாது" என்று அதிகாரி தயங்கினார். விளக்கிப் பார்த்தார் யுகிச்சி. பலிக்கவில்லை. கடைசியில் அந்தச் சொல்லின்மேல் கறுப்பு மையைப் பூசிக் கொடுத்தார். இன்று ஜப்பானில் அந்தச் சொல் இல்லாமல் வியாபாரச் செய்தி ஒன்றும் எழுத முடியாது.

பேச்சு மேடையும் அப்படித்தான். ஜப்பானிய மொழி உரையாடலுக்குத்தான் சரி, கூட்டத்தில் நின்று பேச ஆகாது என்று மோரி அரினோரி போன்ற படித்தவர்களே சொன்னார்கள். 1874இல் நண்பர்கள் கூடியிருந்த இடத்தில் யுகிச்சி, தைவான் விவகாரத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். முடித்துவிட்டு, "நான் சொன்னது புரிந்ததா?" என்றார். புரிந்தது என்றார்கள். "அப்படியென்றால் ஜப்பானிய மொழியில் சொற்பொழிவு முடியும்" என்றார். அடுத்த வருடம் கெய்யோ இருக்கும் மிதாவில் கட்டிய சொற்பொழிவு மண்டபம் இன்றும் நிற்கிறது.

#8 கடலோடி

ஏரிக்கரை ஐயா, கறுப்பு மை பூசிய கதையை இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். மகள் உடனே காகிதத்தில் அந்த இரண்டு எழுத்தையும் எழுதிப் பார்த்தாள்.

செங்கல்சுவர், கொரியா பற்றிச் சொல்கிறேன் என்றீர்கள். அதற்காகத்தான் காத்திருக்கிறேன். நண்பரிடம் நேராகக் கேட்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

#9 செங்கல்சுவர்

சொல்கிறேன். இதில் வருத்தம்தான் அதிகம்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1881இல் கொரியாவிலிருந்து வந்த யூ கில்-ஜுன் அவர் வீட்டிலேயே தங்கிப் படித்தார். பின்னாளில் மேற்கு நாடுகளைப் பற்றி அவர் எழுதிய பயண நூல் 1895இல் டோக்கியோவில் அச்சானது. அதில் யுகிச்சியின் 'செய்யோ ஜிஜோ'வின் தடம் தெளிவாகத் தெரியும். சீர்திருத்தக்காரரான கிம் ஓக்-கியூனுக்கும் யுகிச்சி பக்கபலமாக இருந்தார். 1884 டிசம்பரில் கிம்மின் குழு சியோலில் ஆட்சியைப் பிடித்தது. மூன்றே நாளில் சீனப் படை தலையிட்டு அதை முறியடித்தது. கிம் ஜப்பானுக்குத் தப்பினார். கொரியாவில் மாட்டியவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் விட்டுவைக்கவில்லை.

1885 மார்ச் 16. 'ஜிஜி ஷின்போ'வில் கையெழுத்தில்லாத ஒரு தலையங்கம். 'ஆசியாவை விட்டு விலகுதல்' என்று தலைப்பு. சீனாவும் கொரியாவும் விழித்துக்கொள்ளும்வரை காத்திருக்க நமக்கு நேரமில்லை, மேற்கு நாடுகள் அவர்களை எப்படி நடத்துகின்றனவோ அப்படியே நாமும் நடத்தினால் போதும், கிழக்கின் கெட்ட நண்பர்களை மனத்தளவில் நாம் விலக்குகிறோம் என்று முடிகிறது. 1894இல் சீனாவோடு போர் வந்தபோது, இது நாகரிகத்துக்கும் காட்டுமிராண்டித்தனத்துக்கும் நடக்கும் போர் என்று அவர் பத்திரிகை எழுதியது. போர் நிதிக்கு அவர் கொடுத்தது பத்தாயிரம் யென். அந்தக் காலத்துப் பத்தாயிரம்! பிற்காலத்தில் அவர் முகத்தை அச்சடித்த அதே தொகை.

மழையில் செருப்பைக் கழற்றி விழுந்தவர்களுக்காக நொந்தவர், பக்கத்து நாட்டுக்காரர்களைப் பார்த்து அதே மேல் கீழ் ஏணியை எடுத்து நட்டார். கடலோடி, உங்கள் நண்பர் பேச்சை நிறுத்துவது இதனால்தான். ஷிபுசாவா வந்ததிலும் அவர்களுக்கு ஆறுதல் இருந்திருக்காது. 1902இல் கொரியாவில் ஜப்பானின் தாய்-இச்சி வங்கி வெளியிட்ட தாளில் இருந்த முகம் அந்த ஷிபுசாவாவுடையதுதான்.

#10 ஏரிக்கரை

செங்கல்சுவர் தம்பி சொன்ன எதையும் மறுக்க வரவில்லை. ஆய்வாளர்களுக்குள் நடக்கும் ஒரு வழக்கை மட்டும் சேர்க்கிறேன்.

தலையங்கங்களில் கையெழுத்து கிடையாது. அவர் இறந்த பிறகு தொகுப்பு நூல்களுக்கு எவை அவருடையவை என்று தேர்ந்தெடுத்தவர், பத்திரிகையில் அவருக்குக் கீழே வேலை செய்த இஷிகாவா மிகியாகி. சீன எதிர்ப்பு மிகுந்த பல தலையங்கங்கள் இஷிகாவாவே எழுதியவை, தொகுப்பில் ஏற்றிவிட்டார் என்று ஹிராயாமா யோ 2004இல் ஒரு நூல் எழுதினார். யாசுகாவா ஜுன்னோசுகே அதை ஏற்கவில்லை, யுகிச்சியின் கையெழுத்துள்ள எழுத்திலேயே வேண்டிய அளவு இருக்கிறது என்பது அவர் கட்சி. 1885 தலையங்கம் யுகிச்சியுடையது என்பதில் பெரிய மறுப்பு இல்லை.

அந்தத் தலையங்கம் வெளிவந்தபோதும், பிறகு நீண்ட காலமும், யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. 1933இல் தொகுப்பில் ஏறியது. 1950களுக்குப் பிறகுதான் அதைத் தேடிப் பிடித்து விவாதிக்கத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மருயாமா மசாவோ போன்ற ஆய்வாளர்கள் இன்னொரு யுகிச்சியைக் காட்டினார்கள், தனிமனித விடுதலை பேசிய யுகிச்சியை. இன்று நாம் சண்டை போடும் இரண்டு யுகிச்சிகளுமே அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்துப் பெரிதானவர்கள். எனக்கு இருவரும் ஒருவரே. "தனி ஆள் சுதந்திரமாக நின்றால் நாடு சுதந்திரமாக நிற்கும்" என்று எழுதியவருக்கு, வருடம் போகப்போக இரண்டாவது பாதி பெரிதாகிவிட்டது.

#11 பனைநிழல்

எழுத்தை மட்டுமே வைத்துப் புகழைப் பேசுகிறோம். நிறுவனத்தையும் பாருங்கள். சில வருடம் மிதா வளாகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தேன். கெய்யோவில் 'சென்செய்' (ஆசிரியர்) என்ற மரியாதை முறைப்படி அவர் ஒருவருக்குத்தான். அறிவிப்புப் பலகையில் எவ்வளவு பெரிய பேராசிரியர் பெயருக்குப் பின்னாலும் 'குன்' என்றுதான் இருக்கும், சக மாணவனைக் கூப்பிடுவதுபோல. முதல்முறை பார்த்தபோது யாரோ விளையாட்டாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

1868இல் எடோவின் ஊயேனோவில் புதிய அரசின் படைக்கும் ஷோகுன் ஆதரவாளர்களுக்கும் சண்டை நடந்த அன்று, பீரங்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, அவர் அமெரிக்கரான வேலண்டின் பொருளாதார நூலை வைத்து வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். மாணவர்கள் இடையிடையே கூரையில் ஏறிப் புகையைப் பார்த்தார்களாம். ஒவ்வொரு மே 15ஆம் தேதியும் அந்த நாளை நினைத்து இன்றும் ஒரு சொற்பொழிவு நடக்கிறது. பழைய மாணவர் சங்கமான மிதாகாய் இல்லாத பெரிய கம்பெனி அரிது. இவ்வளவு பேர் தங்கள் வாழ்க்கையோடு சேர்த்துச் சுமக்கும் பெயர் தாளில் இல்லாவிட்டாலும் போகாது. தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடும் 42 வரலாற்று மனிதர்களிலும் அவர் ஒருவர்.

செங்கல்சுவர் சொன்ன உழைப்பு வரியை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். அந்த இடத்தை நான் வகுப்பில் எப்போதும் வேகமாகக் கடந்துவிடுகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இனி அங்கே நின்று பேசுவேன்.

#12 செங்கல்சுவர்

அக்கா அப்படிச் சொன்ன பிறகு நானும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தன்வரலாற்றில் எனக்கு மறக்காத இடம் ஒன்று உண்டு. மெய்ஜி தொடக்கத்தில் குழந்தைகளோடு கடற்கரைப் பக்கம் போகிறார். குதிரைமேல் வந்த ஒரு விவசாயி இவரைக் கண்டதும் பதறிக் கீழே குதிக்கிறார். யுகிச்சி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, "இப்போதைய சட்டப்படி யாரும் குதிரையில் போகலாம், எதிரே யார் வந்தாலும் இறங்க வேண்டாம், ஏறு" என்கிறார். விவசாயி பயத்தில் ஏற மறுக்கிறார். "ஏறாவிட்டால் அடிப்பேன்" என்று மிரட்டி ஏற்றி அனுப்புகிறார்.

மேல் கீழ் கிடையாது என்று நம்பியவரும் இதில் இருக்கிறார், மிரட்டிச் சுதந்திரம் கொடுத்தவரும் இருக்கிறார். பக்கத்து நாடுகளிடம் பேசியது அந்த இரண்டாவது குரல்தான். அவரைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. முழுதாகப் படிக்க வேண்டும் என்கிறேன்.

#13 கடலோடி

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு அசாபுவில் உள்ள ஜென்புகு-ஜி கோயிலுக்குப் போனேன். யுகிச்சியின் கல்லறை 1977இல் அங்கே மாற்றப்பட்டது. பெரிய பழைய கின்கோ மரம் ஒன்று நிற்கிறது. அமெரிக்காவின் முதல் தூதரகம் இந்தக் கோயிலில்தான் இருந்ததாம். கல்லறையில் யாரோ வைத்த பூ இருந்தது. பிப்ரவரி 3 அன்று மாணவர்கள் கூட்டமாக வருவார்கள் என்று அங்கிருந்த ஒரு பெரியவர் சொன்னார்.

வீட்டுக்கு வந்து முதல் பகுதியை இன்றைய ஜப்பானிய மொழியில் சேர்ந்து படித்தோம். 'என்பார்கள்' வந்த இடத்தில் அவள் நிறுத்தி, தன் நோட்டில் அந்த வாக்கியத்தின் கடைசியில் பென்சிலால் அதைச் சேர்த்துக்கொண்டாள். உழைப்பு எளிது என்ற வரி வந்ததும், "தாத்தா வயலில் செய்யும் வேலை எளிதா?" என்றாள். இல்லை என்றேன். "அப்படியென்றால் இது தப்பு" என்று அதன் கீழே கோடு போட்டாள். நல்லவரா என்று மறுபடி கேட்கவில்லை.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டில் துணிந்து கொரிய நண்பரிடம் பேச்செடுத்தேன். 1885 தலையங்கம் பற்றித் தெரிந்துகொண்டேன் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "யூ கில்-ஜுனைத் தெரியுமா?" என்றார். இங்கே படித்ததால் தெரியும் என்று சொல்ல முடிந்தது. அவரிடம் அந்தப் பயண நூலின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு இருக்கிறதாம், அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார். படித்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.